மாஸ்டர் மாறினால் கட்டா மாறுமா?

ஆரணியில் ஒரு பெண் கராத்தே கற்றுக்கொள்கிறாள். அவளுடைய பெரியப்பா மகன் வேலூரில் கற்றுக்கொள்கிறான். பொங்கல் லீவில் இரண்டு பேரும் மொட்டைமாடியில் நின்று தெரிந்ததைச் செய்து காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கம் திரும்புகிறார்கள், ஓர் அடி முன்னே வைத்துக் குத்துகிறார்கள், பின்பக்கம் திரும்பி மறுபடி குத்துகிறார்கள். இரண்டு பேரும் போகிற பாதை ஒன்றுதான். ஆனால் அவன் காலை நன்றாக நீட்டி, முன்முட்டியை மடக்கி, தாழ்ந்து நிற்கிறான். அவள் தெருவில் நடக்கிறவள் பாதியில் நின்றதுபோல் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கிறாள். அவன் இதன் பெயர் ஹெயான் ஷோடான் என்கிறான். அவள் பினான் நிடான் என்கிறாள். கொஞ்ச நேரத்தில், "உங்க மாஸ்டர் தப்பா சொல்லிக் கொடுத்திருக்கார்" என்ற பேச்சு வந்துவிடுகிறது.

வீட்டுப் பெரியவர்களுக்கு யார் பக்கம் பேசுவது என்று தெரியாது. மாதாமாதம் ஃபீஸ் கட்டுகிறோமே, சரியாகத்தான் கற்றுக்கொடுக்கிறார்களா என்ற சந்தேகம் மட்டும் மனதில் விழுந்துவிடும். அரசுப் பள்ளி மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சியாகவும் கராத்தே வந்துவிட்ட காலம் இது. அதனால் இந்தச் சந்தேகம் பல வீடுகளில் எழுகிறது. நியாயமான சந்தேகம்தான். டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

கராத்தே வகுப்பில் மூன்று வேலைகள் நடக்கும். குத்து, தடுப்பு, உதை இவற்றைத் தனித்தனியாகத் திரும்பத் திரும்பப் பழகுவது கிஹோன். எதிரில் ஆளை நிறுத்தி மோதுவது குமித்தே. மூன்றாவதுதான் கட்டா. எதிரில் ஆளே இல்லாமல், முன்பே வகுத்துவைத்த வரிசைப்படி தடுத்து, குத்தி, உதைத்து, பல திசைகளில் திரும்பி, தொடங்கிய இடத்தை ஒட்டியே வந்து முடிப்பது. சிலம்ப வாத்தியாரிடம் அடிவரிசையோ குத்துவரிசையோ பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே வரிசை என்று சொல்வதைத்தான் இங்கே கட்டா என்கிறார்கள்.

ஏன் ஆளில்லாமல் தனியாகச் செய்ய வேண்டும்? பழைய காலத்தில் இந்தக் கலைக்குப் பாடப்புத்தகம் கிடையாது. பிடியிலிருந்து விடுபடுவது, கையைத் தட்டிவிட்டு உள்ளே புகுவது, சாய்த்து விழவைப்பது என்று ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த உத்திகளை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க இருந்த முக்கிய வழி, அவற்றை ஒரு வரிசையில் கோத்து மாணவனின் உடம்பில் பதியவைப்பதுதான். துணைக்கு ஆள் இல்லாத நாளிலும் அவன் அதைப் பழகலாம். மொட்டைமாடியில் பிள்ளைகள் செய்தது சின்ன கட்டா. ஷோட்டோகான் என்ற பாணியின் கணக்கில் அதற்கு 21 அசைவுகள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இங்கேதான் அநேகமாக எல்லோரும் ஒரு விஷயத்தைத் தப்பாக நினைத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு கட்டாவுக்கும் ஜப்பானில் எங்கோ ஒரு மூலப்பிரதி பத்திரமாக இருக்கிறது, அதோடு ஒத்துப்போனால் சரி, விலகினால் தப்பு என்பது நம் நினைப்பு. அப்படியிருந்தால் இரண்டு மாஸ்டர்கள் இரண்டு விதமாகச் சொல்லிக் கொடுக்கும்போது ஒருவராவது தப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அப்படியொரு பிரதி எங்கும் இல்லை. கட்டாவை மாற்றியவர்கள் அதைக் கற்றுக்கொடுத்த பெரிய ஆசான்களே. தெரிந்தே மாற்றினார்கள், காரணத்தோடு மாற்றினார்கள். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும் என்பதால், கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

கராத்தே பிறந்தது ஜப்பானுக்குத் தெற்கே உள்ள ஒகினாவா தீவில். 1879இல் ஜப்பான் அதை ஒரு மாகாணமாகச் சேர்த்துக்கொள்ளும்வரை அது ரியூக்யூ என்ற தனி அரசு. சீனாவோடு நெருங்கிய போக்குவரத்து இருந்த தீவு. ஷுரி, நாஹா, டொமாரி ஆகிய மூன்று ஊர்களில் ஆசான்கள் சிலர் தங்கள் வீட்டு முற்றத்தில் நம்பிக்கையான ஒன்றிரண்டு மாணவர்களை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். பாடத்திட்டம் கிடையாது, பெல்ட் கிடையாது. ஒல்லியான மாணவனுக்கு ஒரு மாதிரி, கட்டுமஸ்தானவனுக்கு ஒரு மாதிரி. ஆசான் இளைஞராக இருந்தபோது கற்றவனுக்கு ஒன்று, அவர் முதுமையில் கற்றவனுக்கு வேறொன்று. இப்படிப் போன ஒரு கலையில் ஒரே மாதிரி நகல்கள் வர வழியே இல்லை.

ஷுரியில் இத்தோசு அன்கோ என்று ஓர் ஆசான் இருந்தார். 1831இல் பிறந்து 1915இல் மறைந்தவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். முற்றத்தில் இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு, மைதானத்தில் வரிசையாக நிற்கும் அறுபது பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு. அதனால் பழைய நீண்ட கட்டாக்களிலிருந்து துண்டுகளை எடுத்து, சிறுவர்களுக்கு ஏற்றபடி ஐந்து சின்ன கட்டாக்களாக அமைத்தார். அந்த ஐந்துக்கும் பொதுப்பெயர் பினான். நம் பிள்ளைகள் செய்தது அந்த ஐந்தில் ஒன்று. அதாவது அவர்கள் சண்டை போட்டுக்கொண்ட கட்டாவே, பழையதை ஒருவர் மாற்றியமைத்ததால் பிறந்தது.

இத்தோசுவின் வழியில் வந்தவர் ஃபுனாகோஷி கிச்சின். பள்ளி ஆசிரியர். 1922இல் டோக்கியோவில் நடந்த ஒரு கண்காட்சியில் கராத்தேயைச் செய்துகாட்டப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். ஒகினாவாவின் பெயர்கள் டோக்கியோ மக்களின் காதுக்கு அந்நியமாக இருந்தன. பினானை ஹெயான் ஆக்கினார். முதல் கட்டாவையும் இரண்டாவதையும் இடம் மாற்றினார். இரண்டாவதாக இருந்தது எளிது, புதிதாக வருகிறவருக்கு அதுதான் முதலில் வர வேண்டும் என்பது அவர் முடிவு. ஷோடான் என்றால் முதலாவது, நிடான் என்றால் இரண்டாவது. பினான் நிடான் ஹெயான் ஷோடான் ஆனது இப்படித்தான். பெயர்ச் சண்டையில் இரண்டு பிள்ளைகளும் சரி.

பெயரோடு நிற்கவில்லை. டோக்கியோவில் அவரிடம் கற்றவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவர்கள், துடிப்பான இளைஞர்கள். அந்தச் சூழலில் கால் நிலைகள் நீண்டன, இடுப்பு தாழ்ந்தது. ஃபுனாகோஷியின் மகன் யோஷிதாகாவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று கராத்தே உலகத்தில் சொல்வார்கள். ஒகினாவாவில் முன்பக்கமாக உதைத்த ஓர் உதை, ஹெயான் நிடானில் பக்கவாட்டு உதையாக மாறியது. 1949இல் உருவான ஜப்பான் கராத்தே சங்கம் இந்த வடிவத்தை ஒழுங்குபடுத்தி, பயிற்சியாளர்களைத் தயார்செய்து நாடு நாடாக அனுப்பியது. உலகத்தின் பெரும்பகுதி முதலில் பார்த்தது இந்த நீண்ட நிலையைத்தான். அதுதான் அசல் கராத்தே என்ற எண்ணம் பரவியதற்கு இது ஒரு முக்கியமான காரணம். வேலூர்ப் பையன் கற்கும் ஷோட்டோகான் இந்த வழியில் வந்தது.

அதே இத்தோசுவிடம் கற்ற இன்னொருவர் மபுனி கென்வா. அவர் ஒசாகாவுக்குப் போய் ஷிட்டோ ரியூ என்ற வழியை உண்டாக்கினார். ரியூ என்றால் பாணி, பரம்பரை. அவர் பினான் என்ற பழைய பெயரை விடவில்லை, பழைய வரிசை எண்ணையும் விடவில்லை. நிலைகளையும் பெரும்பாலும் குறுகலாகவே வைத்துக்கொண்டார். ஆரணிப் பெண்ணின் மாஸ்டர் அந்த வழியில் வந்தவராக இருக்க வேண்டும். வாடோ ரியூ என்று மூன்றாவது வழி ஒன்று உண்டு. அங்கே இதே கட்டாவின் கடைசியில் வரும் கத்திக்கை அசைவுகளைப் பாருங்கள். ஷோட்டோகான்காரர் பின்காலில் எடையைப் போட்டு நெஞ்சுயரத்தில் தடுக்கும் இடத்தில், வாடோக்காரர் இரண்டு முட்டிகளையும் விரித்து அமர்ந்து, கீழே தட்டிவிடுகிறார். அதே இடம், அதே திருப்பம், கை போவது மட்டும் வேறு உயரத்துக்கு.

சரி, இதெல்லாம் வேறு வேறு பாணிகளுக்கு இடையில், ஒரே பாணிக்குள் மூலம் ஒன்றுதானே இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். நாஹா ஊர்ப்பக்கம் போவோம். அங்கே சாஞ்சின் என்றொரு கட்டா. வயிற்றை இறுக்கி, மூச்சை அளந்து விட்டு, மெதுவாக அடியெடுத்து வைக்கும் கடினமான பயிற்சி. உதை ஓட்டம் எதுவும் கிடையாது, பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். ஹிகாவோன்னா கன்ரியோ கற்றுக்கொடுத்த சாஞ்சினில் முன்னே போய், திரும்பி, மறுபடி திரும்புவார்கள். அவருடைய மாணவரும் கோஜூ ரியூவை நிறுவியவருமான மியாகி சோஜுன், திரும்பலே இல்லாமல் முன்னே போய் அப்படியே பின்வாங்கும் வடிவம் ஒன்றை அமைத்தார். இன்றைக்கும் கோஜூ ரியூ வகுப்புகளில் இரண்டையும் பழகுகிறார்கள். ஒன்று குருவுடையது, ஒன்று சிஷ்யருடையது. எது சரி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சீனாவில் ஃபூஜோ நகரில் கற்றுவந்த உவேச்சி கன்புன் என்ற ஒகினாவாக்காரரின் வழியில், அதே சாஞ்சினைக் கைவிரல்களைத் திறந்துவைத்துச் செய்கிறார்கள். கோஜூ ரியூவில் கையை மூடி, முஷ்டியாக.

இன்னும் ஓர் உதாரணம் மட்டும். 1956இல் ஷிமபுகு தத்சுவோ என்பவர் ஒகினாவாவில் இஷின் ரியூ என்ற வழியைத் தொடங்கினார். பெரும்பாலான வழிகளில் குத்தும்போது முஷ்டி கடைசியில் சுழன்று, புறங்கை மேலே பார்த்தபடி முடியும். இவர் முஷ்டியை நெட்டுக்குத்தாக, கட்டைவிரல் மேலே இருக்கும்படி வைத்தார். நைஹாஞ்சி என்ற பக்கவாட்டில் நகரும் கட்டாவைப் பெரும்பாலோர் வலப்பக்கம் தொடங்குவார்கள். இவருடைய மாணவர்கள் இடப்பக்கம் தொடங்குகிறார்கள். எழுபது ஆண்டுக்கு முன்பு நடந்த மாற்றம் இது, யார் செய்தது என்பதும் ஊரறிந்தது.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளலாமா? கூடாது. வித்தியாசத்தில் மூன்று வகை இருக்கிறது, அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். ஆரணிக்காரர்களுக்குத் தறியை வைத்தே சொல்லிவிடலாம். ஜக்கார்டு பெட்டியில் கோத்த அட்டைகளின் ஓட்டைகள்தான் எந்தப் பாவு இழை மேலே எழும்ப வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. மாங்காய் டிசைன் வேண்டும் என்று இரண்டு பேரிடம் சொன்னால், இரண்டு விதமாக அட்டை அடித்துத் தருவார்கள். ஒன்றில் மாங்காய் ஒல்லி, இன்னொன்றில் உருண்டை. இது முதல் வகை. ஒரே அட்டைக் கட்டை இரண்டு தறியில் ஏற்றினாலும், ஒருவர் ஊடையை இறுக்கி அடிப்பார், இன்னொருவர் சற்று இளக்கமாக அடிப்பார். மாங்காயின் உயரம் நூலளவு மாறும். இது இரண்டாவது வகை. இழை அறுந்ததைக் கவனிக்காமல் ஓட்டிவிட்டால் மாங்காயின் நடுவில் கோடு விழும். இது மூன்றாவது வகை, கூலியில் பிடிப்பது இதற்குத்தான்.

கட்டாவிலும் இதேதான். பரம்பரையில் வந்த வித்தியாசம் ஒன்று, உடம்பு கொடுக்கிற வித்தியாசம் ஒன்று, பிழை ஒன்று. வெளியிலிருந்து பார்க்கும்போது மூன்றும் ஒரே மாதிரியாக, வெறும் வித்தியாசமாகத் தெரியும். அதுதான் குழப்பம்.

பரம்பரை வித்தியாசத்தை உடம்பிலேயே உணர்ந்து பார்க்கலாம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருங்கள். இடக்காலை முன்னே நன்றாக நீட்டி வையுங்கள், உங்கள் தோள் அகலத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரத்துக்கு. முன்முட்டி மடங்கட்டும், பின்கால் நேராக இருக்கட்டும். இரண்டு பாதங்களுக்கும் நடுவே பக்கவாட்டில் ஓர் இடுப்பளவு இடைவெளி இருக்கட்டும். இல்லாவிட்டால் ஆட்டம் காணும். இதைத்தான் வகுப்பில் ஜென்குட்சு டாச்சி என்பார்கள். இடக்கையை வலது காதருகே கொண்டுபோய், அங்கிருந்து முன்தொடைக்கு மேலே வரை கீழே இறக்குங்கள். உதையைத் தட்டிவிடும் கெடான் பராய் இது. இப்போது வலக்காலை முன்னே கொண்டுவந்து ஒரு குத்து. தொடை எரிகிறதா? பின்காலின் உந்துதல் இடுப்பு வழியாக முஷ்டிக்கு வந்து சேர்வது தெரிகிறதா? இது நீண்ட நிலையின் லாபம். உடம்பின் எடை முழுவதும் முன்னோக்கிப் போகிறது, கால்களும் வலுப்படுகின்றன.

இப்போது காலைக் குறைத்து, சாதாரணமாக நடக்கும்போது வைக்கும் ஓர் அடி தூரத்தில் நின்று அதையே செய்து பாருங்கள். தொடையில் எரிச்சல் இல்லை. முன்னே பாயும் உந்துதலும் குறைவு. ஆனால் அடுத்த அடி எவ்வளவு சீக்கிரம் வருகிறது பாருங்கள். பின்பக்கம் திரும்புவது எவ்வளவு சுலபம். வலு இங்கே தூரத்திலிருந்து வராமல், இடுப்பைச் சட்டென்று திருப்பும் ஒரு வெட்டிலிருந்து வருகிறது. குறுகலான தெருவில் பிடித்து இழுக்கும் ஒருவரிடமிருந்து விடுபட இந்த நிலை பொருத்தம். இரண்டுக்கும் தனித்தனி நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தோடு கட்டா முழுக்க ஒட்டி நிற்பதுதான் ஒரு பாணியின் அடையாளம். நீண்ட நிலைக்காரர் எல்லா இடத்திலும் அந்தக் கணக்கில் நகர்வார், குறுகிய நிலைக்காரர் எல்லா இடத்திலும் இந்தக் கணக்கில்.

உடம்பு கொடுக்கும் வித்தியாசத்துக்கு வருவோம். எட்டு வயதுப் பிள்ளையின் ஜென்குட்சு டாச்சியும், தறிக்குழியில் பல வருஷம் உட்கார்ந்து முட்டி பிடித்துப்போன ஒருவர் நாற்பத்தைந்து வயதில் ஆசைப்பட்டுக் கற்கும் ஜென்குட்சு டாச்சியும் ஒரே ஆழத்தில் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. அவர் நாலு விரற்கடை உயர்ந்து நிற்கட்டும். முட்டி கால்விரல் போகும் திசையையே பார்க்கிறதா, முதுகு நிமிர்ந்திருக்கிறதா, திரும்பும்போது எடை சரியாக இடம் மாறுகிறதா என்பதை மட்டும் நல்ல மாஸ்டர் பார்ப்பார். உலகக் கராத்தே கூட்டமைப்பு நடத்தும் பாரா கராத்தேயில் சக்கர நாற்காலியில் அமர்ந்தே கட்டா செய்கிறார்கள், பார்வையற்றவர்களும் செய்கிறார்கள். கால் நிலையே இல்லாமல் ஒருவர் செய்வதும் கட்டாதான் என்று அந்த விளையாட்டின் தலைமை அமைப்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. முட்டி வலியைப் பார்க்காமல் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒரே ஆழத்துக்கு அமுக்கும் வகுப்பைப் பார்த்தால் எனக்கு மனம் பதைக்கிறது. அதைக் கட்டுப்பாடு என்று சொல்லிக்கொள்வதில் அர்த்தமில்லை.

பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது? பரம்பரை தெரியாத பெற்றோரும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். திரும்பும்போது முதலில் பார்வை போக வேண்டும், அப்புறம் உடம்பு. வரப்போகிற ஆளைப் பார்க்காமலே கை தடுத்துக்கொண்டிருந்தால் அது எந்தப் பாணியிலும் பிழை. குத்து முடிந்த கணத்தில் பின்குதிகால் தரையை விட்டு எழும்பி உடம்பு ஆடினால், பெரும்பாலான நிலைகளில் பிழை. இடப்பக்கம் செய்ததை வலப்பக்கம் செய்யும்போது காரணமில்லாமல் வேறு மாதிரி செய்தால் பிழை. இவற்றையெல்லாம் விட நல்ல சோதனை ஒன்று உண்டு. எந்த அசைவையும் நிறுத்தி, "இந்தக் கை இங்கே என்ன வேலை செய்யுது?" என்று கேளுங்கள். அசைவின் பொருளைப் பிரித்துச் சொல்வதற்குப் புன்காய் என்று பெயர். உதையைத் தட்டுகிறது, மணிக்கட்டுப் பிடியை உதறுகிறது, எதிராளியின் முழங்கையை அமுக்குகிறது என்று ஏதாவது ஒரு பதில் வர வேண்டும். பதிலும் பாணிக்குப் பாணி மாறலாம், அதில் தப்பில்லை. "சும்மா, அப்படித்தான்" என்று வந்தால், அந்தக் கை எங்கோ வழிதவறிவிட்டது.

இன்றைக்கு அதிகமாக நடக்கும் பிழை கலப்படம்தான். பிள்ளைகள் யூடியூப்பில் உலக சாம்பியன்களைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் ஷோட்டோகான் பழகும் பையன், ஷிட்டோ ரியூ சாம்பியனின் கை அசைவு அழகாக இருக்கிறதே என்று அதை எடுத்துத் தன் நீண்ட நிலையின் மேல் ஒட்டவைத்துக்கொள்கிறான். அந்தக் கை, குறுகிய நிலையின் இடுப்புத் திருப்பத்தோடு பிறந்தது. நீண்ட நிலையில் அது வெறும் கை ஆட்டமாகத்தான் நிற்கும். இரண்டு நியாயங்களைப் பாதிப் பாதி எடுத்தால் இரண்டும் வேலை செய்யாது.

போட்டியில் என்ன செய்கிறார்கள்? உலகக் கூட்டமைப்பின் பட்டியலில் 102 கட்டாக்கள் இருக்கின்றன. போட்டியாளர் அதிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அவரவர் பாணியில் கற்பிக்கப்படும் வேறுபாடுகள் அனுமதிக்கப்படும் என்று விதியே சொல்கிறது. ஆனால் ஒரு பெயரை அறிவித்துவிட்டு வேறு கட்டாவைச் செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். நடுவில் தெளிவாக நின்றுவிட்டாலும், பெல்ட் அவிழ்ந்து விழுந்தாலும் அதே கதிதான். காலைத் தரையில் ஓங்கி மிதிப்பது, உடையையோ மார்பையோ தட்டிச் சத்தம் எழுப்புவது, மூச்சைத் தேவையில்லாமல் சீறவிடுவது எல்லாம் குறையாகக் கணக்காகும். உள்ளூர்ப் போட்டிகளில் இந்தச் சத்தங்களுக்குக் கைத்தட்டு விழுகிறது. விழக்கூடாது என்றே நினைக்கிறேன். அந்தச் சத்தம் எந்தப் பாணியையும் சேர்ந்தது இல்லை, பார்வையாளருக்காக ஒட்டவைத்தது.

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்டில் கராத்தே முதன்முறையாக இடம்பெற்றது. பெண்கள் கட்டா இறுதிச் சுற்றில் ஸ்பெயினின் சாந்த்ரா சாஞ்செஸும் ஜப்பானின் கியோ ஷிமிசுவும் மோதினார்கள். இரண்டு பேரும் தேர்ந்தெடுத்தது ஒரே கட்டாவை, சட்டான்யாரா குஷாங்கு. அந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வேகம் எங்கே, நிதானம் எங்கே, ஓர் அசைவு முடிந்ததும் எவ்வளவு நேரம் நிற்பது என்பதில் இருவரும் இருவேறு ஆட்கள். சாஞ்செஸுக்கு 28.06, ஷிமிசுவுக்கு 27.88. ஒருவரைச் சரி, ஒருவரைத் தப்பு என்று நடுவர்கள் பிரிக்கவில்லை. இரண்டும் சரியாக இருந்ததால்தான் இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் முடிந்தது. மறுநாள் ஆண்கள் பிரிவில் தங்கம் வென்ற ரியோ கியூனா ஒகினாவாக்காரர். அவருடைய ரியூய் ரியூ, நக்காய்மா என்ற ஒரு குடும்பத்துக்குள் பல தலைமுறை இருந்துவிட்டு, பிறகு வெளியாருக்கும் திறந்துவிட்ட வழி.

வேலை மாற்றத்தாலோ பள்ளி மாற்றத்தாலோ பிள்ளை வேறு மாஸ்டரிடம் சேர நேர்ந்தால் என்ன செய்வது? சேரும்போதே, "இது என்ன பாணிங்க மாஸ்டர்? யார் வழியில் வந்தது?" என்று கேட்டுவிடுங்கள். தயங்க வேண்டியதில்லை. பரம்பரையைச் சொல்வதில் நல்ல மாஸ்டருக்குப் பெருமைதான். பழைய பாணியும் இதுவும் ஒன்றானால் சின்னத் திருத்தங்களோடு போய்விடும். வேறானால், தெரிந்த கட்டாவையே புதுக் கட்டாபோல் முதலிலிருந்து கற்பது நல்லது. "எங்க வழியில் இப்படிச் செய்வோம்" என்று சொல்கிற மாஸ்டரிடம் பிள்ளையைத் தாராளமாக விடலாம். பழைய மாஸ்டர் கற்றுக்கொடுத்தது எல்லாமே தப்பு என்று முதல் நாளே சொல்கிறவரிடம், எது ஏன் தப்பு என்று ஓர் அசைவையாவது விளக்கச் சொல்லுங்கள். விளக்கினால் பிழைதான் இருந்திருக்கிறது, திருத்திக்கொள்ளலாம். பழைய வடிவத்தைப் பிள்ளை மறந்துவிட வேண்டும் என்று கட்டாயமில்லை. பிளாக் பெல்ட் நெருங்கும் வயதில் இரண்டையும் அவற்றின் பெயரோடு தனித்தனியாகச் செய்யத் தெரிந்தால், அது பெரிய சொத்து. மஞ்சள் பெல்ட்டில் இரண்டையும் சேர்த்துப் பழகினால்தான் கால் எது, கை எது என்று குழம்பும்.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஆசான்கள் மாற்றினார்கள் என்றால், என்றைக்காவது நாமும் மாற்றலாமா? மாற்றியவர்கள் யார் என்று பார்த்தால் பதில் கிடைக்கும். இத்தோசு அறுபது வயதைத் தாண்டியபின் பினானை அமைத்தார். மியாகி குருவின் வடிவத்தைப் பல ஆண்டுகள் செய்தபிறகே இன்னொன்றைச் சேர்த்தார், குருவுடையதைத் தூக்கிப் போடவில்லை. மாற்றம் அதோடும் நிற்பதில்லை. அந்த மியாகியே 1940இல், ஒகினாவாவில் கராத்தே பரவலாக எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று கெக்கிசாய் என்ற எளிய கட்டாவைப் புதிதாக அமைத்தார். கோஜூ ரியூ வகுப்புகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஆரம்பத்திலேயே கற்பது இதைத்தான். அமைத்தவர் பெயர் தெரியும், ஆண்டு தெரியும், அவரிடம் நேரே கற்ற மாணவர்கள் பல பத்தாண்டுகள் சொல்லிக் கொடுத்தார்கள். இருந்தும் இன்றைக்கு ஒகினாவாவின் கோஜூ ரியூ வகுப்பு ஒன்றிலும் ஜப்பான் பெருந்தீவின் கோஜூ காய் என்ற அமைப்பின் வகுப்பு ஒன்றிலும் கெக்கிசாயைப் பார்த்தால், நிலையின் ஆழத்திலும் அசைவின் தாளத்திலும் சின்னச் சின்ன வித்தியாசங்கள் இருக்கின்றன.